பராமரிக்கப்படுபவரின் பெயர்

வெந்நீர்க் குண்டாவை அடுப்பில் ஏற்றிப் பற்றவைத்த பிறகுதான் சவரியப்பனுக்கு ஞாபகம் வந்தது, இன்றைக்கு லூர்தம்மாளைக் குளிப்பாட்டக் கூடாது. அடுப்பை அணைத்தார். அணைந்ததா என்று குனிந்து பார்த்தார். பார்த்தது போதாதென்று குமிழைத் தொட்டு ஒருமுறை திருகி, சிலிண்டரையும் மூடினார். போன வாரம் பால் பொங்கி நெருப்பை அணைத்துவிட, காஸ் வீடெல்லாம் பரவி எதிர்வீட்டுக் கலைச்செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அன்றிலிருந்து தன் கை செய்ததைத் தன் கண் போய்ச் சாட்சி பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. வயது அறுபத்தெட்டு. ஒரு வீட்டில் ஒருத்திக்குப் புத்தி தடுமாறினால் போதாதா, இரண்டாவது ஆளும் வரிசையில் நிற்கவேண்டுமா என்று தனக்குள் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இல்லை, எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம் இல்லாததால் வருகிற மறதி இது. ராத்திரி மூன்று தடவை எழுந்தால் யாருக்குத்தான் பால் பொங்காது. லூர்து உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து தன் நைட்டியின் நுனியைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். கன்னியர் மடத்து விடுதியில் இருபத்தாறு வருஷம் சமைத்தவள், தட்டு துடைக்கிற துணிகளை அப்படித்தான் மடித்து அடுக்குவாளாம். இப்போது துணி இல்லை, தட்டு இல்லை, மடிப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது.

விசாரணைக்கு ஆள் வருகிறார்கள். அதுதான் இன்றைக்கு. முந்தாநாள் சாயங்காலம் போனில் ஒரு பெண்குரல், "நாளன்னைக்குப் பத்து மணிக்கு மேல வருவோம், வீட்ல இருங்க" என்றது. வீட்டில் இருங்களாம். ஒரு வருஷமாக வேறு எங்கே இருக்கிறார் அவர், தெருமுனைக் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கிவரவும் கலைச்செல்வியை ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லிக் கெஞ்சவேண்டியிருக்கிறது. அறுபது தாண்டியிருக்கவேண்டும், வருமானம் இருக்கக்கூடாது, படுத்த நோயாளியையோ புத்தி தவறியவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். அப்படிப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதாமாதம் ஒரு உதவித்தொகை உண்டு என்று பங்குக்கோயிலில் பூசை முடிந்து யாரோ சொன்னார்கள். நோயாளிக்கு இல்லை, பார்த்துக்கொள்கிறவருக்கு! அதைக் கேட்டபோது சவரியப்பனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. கட்டினவளுக்குக் கால் கழுவிவிடக் கூலி கேட்பதா? அந்த வெட்கம் மூன்று நாள்தான் தாங்கியது. நான்காம் நாள் லூர்தையும் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் விண்ணப்பம் ஏற்றிவிட்டு வந்தார். அதில் இரண்டு கட்டம். பராமரிப்பவரின் பெயர் என்று ஒன்று, பராமரிக்கப்படுபவரின் பெயர் என்று இன்னொன்று. டைப் அடித்த பெண் இரண்டு கட்டத்தையும் காட்டிச் சரிபார்க்கச் சொன்னாள். கண்ணாடியைக் கொண்டுபோகாததால் சரி என்று தலையாட்டிவிட்டார். டாக்டர் சீட்டு கேட்டாள். சீட்டு எங்கே? பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை லூர்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டுக் கசக்கி, கொடியில் காயப்போட்டுவிட்டாள். சென்டர்ப் பெண் சிரித்துவிட்டு, "பரவால்ல ஐயா, முதல்ல வீட்டுக்கு வந்து பாப்பாங்க, அவங்க எழுதினாத்தான் மத்ததெல்லாம்" என்றாள். அவங்க எழுதினால்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டும்.

கலைச்செல்விதான் குளிப்பாட்டாதே என்றவள். அவள் மாமியாருக்கு வேறு ஏதோ தொகை வருகிறது, ஆகவே இந்த விஷயத்தில் அவள் வக்கீல். "மாமா, நான் சொல்றதக் கேளுங்க. எங்க மாமியாரைப் பாக்க வந்தப்ப ரெண்டு நாளா தலை சீவல, சேலை மாத்தல. வந்தவரு வாசல்லயே மூக்கப் பொத்திக்கிட்டு எழுதிட்டுப் போயிட்டாரு. நீங்க பாட்டுக்கு அத்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உக்கார வெச்சா எவன் நம்புவான்? நல்லாத்தானய்யா இருக்காங்கன்னு எழுதிட்டுப் போயிருவான்" என்றாள். சொன்னது நியாயம்தான். நியாயம் என்று பட்டதால்தான் நேற்றுக் காலையிலிருந்து அவர் அவளைத் தொடவில்லை. நேற்று மத்தியானக் கஞ்சி நைட்டியின் மார்பில் காய்ந்து பொருக்காக இருக்கிறது. தலை சிக்குப் பிடித்து ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. டயப்பரையாவது மாற்றினார், அதையும் மாற்றாதீர்கள் என்று கலைச்செல்வி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா? கேட்டிருப்பேன். காசு வருமென்றால் அதையும் கேட்டிருப்பேன். மணி எட்டு. பத்துக்கு மேல் என்றால் பத்தரையா, பன்னிரண்டா, சாயங்காலமா? அவள் ஒருமுறை கை தூக்கித் தலையைத் தொட்டாள். விரல் சிக்கில் மாட்டியது. இழுத்தாள், வலித்தது போல, "ஸ்" என்றாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எப்பேர்ப்பட்ட சுத்தக்காரி. கல்யாணமான புதிதில் வெங்காய மண்டியிலிருந்து அவர் வந்தால் வாசலிலேயே நிறுத்துவாள், சட்டையைக் கழற்றி வெளியே போடு, கால் கழுவு, கை கழுவு, பிறகு உள்ளே வா. மண்டியில் எடைபோடுகிறவனுக்கு வெங்காய நாற்றம் தோலோடு பிறந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே பக்கத்தில் படுப்பாள். பிள்ளை இல்லை. ஐந்தாறு வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள், அப்புறம் நடப்பதை விட்டுவிட்டார்கள், அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்கள். பிள்ளை இருந்தால் இன்றைக்கு ஒரு கை உதவியிருக்கும் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் எத்தனை கை உதவுகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன, இதே தெருவில் பார்க்கிறார். நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை. இவளோ படுக்கவும் இல்லை, அதுதான் சங்கடம். நடக்கிறாள். நாளெல்லாம் நடக்கிறாள். சாயங்காலமானால் ஒயர்கூடையில் ஒரு டம்ளரையும் செருப்பு ஒற்றையையும் போட்டு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள், "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்பாள். இதுதான் வீடு என்றால் நம்பமாட்டாள். அவரை ஒருநாள் ஏங்க என்பாள், ஒருநாள் வாட்ச்மேன் என்பாள், ஒருநாள் அண்ணே என்பாள். வாட்ச்மேன் என்றால் சிரித்துவிடுவார், உள்ளதைத்தானே சொல்கிறாள். அண்ணே என்று கூப்பிடுகிற நாளில் மட்டும் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

வாட்ச்மேன் வேலை. அதைத்தான் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தார். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். கல்யாண மண்டப மேனேஜர் முந்தாநாள் போன் செய்து, "சவரி, ஒண்ணாந்தேதி வர்றியா இல்லையா, இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன், முகூர்த்த மாசம் பாத்துக்க" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. உதவித்தொகை வரும் என்று தெரிந்தால் போதும், வரவில்லை என்று சொல்லிவிடுவார். ரேஷன் அரிசி இருக்கிறது, மாத்திரையும் டயப்பரும்தான் விலைக்கு வாங்கவேண்டும், அந்தத் தொகை அதற்குச் சரியாகப் போகும். வராது என்றால் போகவேண்டும். போகவேண்டும் என்றால் பூட்டவேண்டும். முன்னால் எட்டு மாதம் அப்படித்தான் போனார். காலை எட்டு மணிக்கு அவளுக்கு ஊட்டிவிட்டு, வெளியே நாதாங்கியைப் போட்டுப் பூட்டு மாட்டிவிட்டுப் போவார். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டுக்கா பஞ்சம், நல்ல பூட்டாகத்தான் வாங்கியிருந்தார். மத்தியானம் ஒரு ஓட்டம் ஓடிவந்து பார்ப்பார். ஒருநாள் மண்டபத்தில் பெரிய இடத்துக் கல்யாணம், மத்தியானம் வரமுடியவில்லை. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ. கதவைத் தட்டித் தட்டி இரண்டு கையும் வீங்கி, ஒரு நகம் பிய்ந்து, நிலையில் ரத்தம். அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, மடத்துத் தலைவியிடம் கேட்பது போல, "நான் என்ன தப்பு செஞ்சேன் மதர்? சொல்லிட்டாவது பூட்டலாம்ல" என்றாள். அன்றைக்கு வேலையை விட்டார். மாதாவே, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இனிமேல் பூட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள். சத்தியம் சோறு போடாது.

ஆகவே குளிப்பாட்டக் கூடாது. அவ்வளவுதானே, ஒரு நாள். ஒரு நாள் குளிக்காவிட்டால் என்ன, மண்டியில் மூட்டை தூக்குகிறவன் வாரக்கணக்கில் குளிக்காமல் இருப்பான். அவளுக்கே தெரியாது. தெரியாதா? தெரியாது. தெரியாதென்றால் ஏன் தலையைத் தொட்டுப் பார்க்கிறாள், ஏன் அந்தக் கஞ்சிப் பொருக்கை நகத்தால் சுரண்டுகிறாள்? ஒன்பதரை. வெயில் ஜன்னல் வழியே கட்டிலுக்கு வந்துவிட்டது, வெயிலோடு மூத்திர நாற்றமும் எழுந்தது. வரப்போகிறவர் இதைப் பார்த்து என்ன எழுதுவார்? நோயாளி மோசமான நிலையில் இருக்கிறார் என்று எழுதுவாரா? இருக்கட்டும். அடுத்த வரி என்ன எழுதுவார்? அப்போதுதான் சவரியப்பனுக்குச் சுரீர் என்றது. இது நோயாளிக்கு வருகிற தொகை இல்லையே. பார்த்துக்கொள்கிறவருக்கு வருகிறது. பார்த்துக்கொள்கிறவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதற்குத்தானே விசாரணை. இவளை இந்தக் கோலத்தில் பார்த்தால், ஏன்யா, இதுதான் நீ பார்த்துக்கொள்கிற லட்சணமா, உனக்கு ஒரு உதவித்தொகை வேறா என்று கேட்கமாட்டார்களா? கலைச்செல்வி சொன்னது வேறு விண்ணப்பத்துக்கு. அவள் மாமியார் கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாள், நானும் ஒட்ட விட்டிருக்கிறேன். குளிப்பாட்டினால் இவளுக்கு ஒன்றுமில்லை என்பார்கள். குளிப்பாட்டாவிட்டால் நான் ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். இப்படிப் போனால் முட்டும், அப்படிப் போனால் உதைக்கும். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சிலிண்டரைத் திறந்துவிட்டு ஏன் திறந்தோம் என்று ஒரு நொடி நின்றார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். உண்மையைச் சொன்னால், உதவித்தொகைக்காகப் பற்றவைக்கவில்லை. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை, அதுதான் காரணம்.

குளிப்பாட்டுவது என்றால் சும்மா இல்லை. தண்ணீரைக் கண்டால் அவளுக்குப் பயம். தலையில் ஊற்றினால் அலறுவாள். முதலில் காலில் ஊற்றவேண்டும், பிறகு முழங்கால், பிறகு மடி, ஊற்றும்போது அவர் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அருள் நிறைந்த மரியே சொல்வார், அது முடிந்தால் மண்டியில் எடைக்கணக்கு கூவுகிற மாதிரி, "ஒண்ணு லாபம், ரெண்டு, மூணு" என்று குவளைக் கணக்கு கூவுவார். அவளுக்கு அது பிடிக்கும். இன்றைக்குப் பிடிக்கவில்லை, சிக்கைப் பிரிக்கும்போது கையைத் தட்டிவிட்டாள், வாளி சாய்ந்து அவர் லுங்கி தொப்பலாக நனைந்தது, பனியனைப் பிடித்து இழுத்ததில் ஏற்கெனவே இருந்த கிழிசல் தோளிலிருந்து விலா வரை போனது. விடு புள்ள, விடு, ஆச்சு, இதோ ஆச்சு. நேற்று ஒரு நாள் விட்டதற்கு இன்றைக்கு இரண்டு மடங்கு சிக்கு. தேங்காயெண்ணெய் தடவித் தடவி, ஒவ்வொரு முடியாகப் பிரித்து, நெற்றியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சீவினார். பின்னலைக் கலைச்செல்வியிடம்தான் கற்றுக்கொண்டார், முதலில் கயிறு திரிக்கிற மாதிரி வந்தது, இப்போது நன்றாகவே வருகிறது. பின்னி முடித்து, ஊதா ஜாக்கெட் போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சேலையைச் சுற்றிப் பின் குத்தினார். முகத்துக்குப் பவுடர். ஏன் இதெல்லாம் செய்கிறோம் என்று நடுநடுவே கேட்டுக்கொண்டார், கை நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்த்தி வைத்தபோது அவள் சேலை மடிப்பை நீவிவிட்டு, நிமிர்ந்து, தெருவைப் பார்த்தாள். அழகாக இருந்தாள். அறுபத்துமூன்று வயதில், எதுவும் தெரியாத நிலையில், அவ்வளவு அழகாக இருந்தாள். சவரியப்பன் சுவரோரம் சப்பென்று உட்கார்ந்தார். ஈர லுங்கியை மாற்றிக்கொள்ளவேண்டும், சட்டை போடவேண்டும், மூன்று நாள் தாடி, காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நினைத்தார். இதோ ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது வாசலில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள், தோளில் பை, கையில் போன், அலுவலக அட்டை. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போய் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அதற்குள் லூர்து எழுந்துவிட்டாள்.

"வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்துருக்கீங்க. உக்காருங்க. ஃபேன் போடட்டுமா?"

ஃபேன் சுவிட்ச் எது என்று ஒரு வருஷமாக அவளுக்குத் தெரியாது. போய்ப் போட்டாள். சரியான சுவிட்ச். மடத்தில் இருபத்தாறு வருஷம், மேலிடத்திலிருந்து மதர் வந்தாலும் ஆடிட்டர் வந்தாலும் சமையல்கட்டை விட்டு வெளியே வந்து வரவேற்றவள் லூர்துதான். அட்டை மாட்டிய ஆளைக் கண்டதும் அந்தப் பழைய லூர்து எங்கிருந்தோ எழுந்து வந்து நிற்கிறாள். சவரியப்பனுக்குக் கண் நிறைந்தது. இருபது மாதத்துக்கு மேலாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. சந்தோஷம்தான், சந்தோஷம் என்று நெஞ்சு சொல்லச் சொல்ல, அடிவயிற்றில் இன்னொன்று சொன்னது, போச்சு, ஒண்ணாம் தேதி, போச்சு.

மேடம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலியில் பவுடர் பூசி, எண்ணெய் வழியப் பின்னி, மடிப்புக் கலையாத சேலையில் ஒரு அம்மாள். சுவரோரம் ஈர லுங்கியும் கிழிந்த பனியனும் தாடியுமாக எழுந்திருக்க முடியாத ஒரு கிழவர். போனைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். "அம்மா, இதுல பராமரிக்கிறவரு பேரு சவரியப்பன்னு இருக்கே?"

"அவருதான் சவரியப்பன். எங்க வீட்டுக்காரரு."

"அப்ப, நோயாளி...?"

லூர்து குரலைத் தாழ்த்தினாள். அடுத்தவர் காதில் விழக்கூடாத சங்கதியைப் பக்கத்துவீட்டுக்காரியிடம் சொல்கிற குரல். "பாவம் மேடம். ரெண்டு வருசமா இப்படித்தான். ஞாபகமே இல்ல. அடுப்பைத் திறந்து விட்டுருவாரு, ஒரு கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கணும். குளிக்கக் கூப்பிட்டா அலறுவாரு. சாயங்காலமானா கூடையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்பாரு. இதுதாங்க வீடுன்னா நம்ப மாட்டாரு. சில நேரம் என்னையே யாருன்னு தெரியாது மேடம், அதான் தாங்க முடியல."

அத்தனையும் அவர் சொன்னவை. வார்த்தைகூட மாறவில்லை. கலைச்செல்வியிடம், மேனேஜரிடம், பங்குச்சாமியிடம், கம்ப்யூட்டர் சென்டரில், லூர்து பக்கத்தில் உட்கார்ந்து சேலை நுனியை மடித்துக்கொண்டிருக்க, அவளுக்கென்ன தெரியப்போகிறது என்று அவள் தலைக்கு மேலேயே அவர் சொன்னவை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டு, யாரோ ஒரு பாவப்பட்ட ஜீவனைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று உள்ளே சேர்த்து வைத்திருக்கிறாள். சவரியப்பனுக்கு முகம் எரிந்தது. இல்லை மேடம், நான்தான், இவளுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத வாய், ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது.

"பாத்தீங்களா" என்றாள் லூர்து.

"சென்டர்ல பேரை மாத்தி ஏத்திட்டாங்க போலம்மா. இது அடிக்கடி நடக்குறதுதான்" என்று மேடம் போனில் எதையோ தட்டினார். "நான் இங்கயே திருத்திடுறேன். உங்களுக்கும் அறுபது ஆயிடுச்சுல்ல? பேங்க் கணக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அதுல பிரச்சனை இல்ல. நான் எழுதி அனுப்பிட்டா, பின்னால டாக்டர் வந்து ஒருதடவை பாப்பாரு." பிறகு சவரியப்பன் முன்னால் குனிந்து குந்தி உட்கார்ந்தார். நல்ல பெண். கண்ணில் இரக்கம் இருந்தது. கொஞ்சம் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார், "ஐயா. இன்னைக்கு. என்ன கிழமை?"

வியாழன். அவருக்குத் தெரியாதா. நேற்று புதன், சகாயமாதா நவநாள், மைக்கில் பாட்டுக் கேட்டது. நாளை வெள்ளி, ரேஷன் கடையில் பருப்புப் போடுகிறார்கள். வருகிற புதன் ஒண்ணாம் தேதி. வியாழன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அப்புறம்? இவருக்கும் ஒன்றுமில்லை, அந்த அம்மாளுக்கும் ஒன்றுமில்லை, இரண்டு பேரும் சுகம், விண்ணப்பம் தள்ளுபடி. இல்லையென்றால் எழுந்து நின்று, இவளை நம்பாதீர்கள், இவளுக்குத் தன் பெயர் தெரியாது, கேட்டுப் பாருங்கள், இவள் எதைக் கட்டியிருக்கிறாள் என்று வேண்டுமானாலும் பாருங்கள் என்று சேலையை விலக்கி டயப்பரைக் காட்டவேண்டும். லூர்து பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவர் தோளில் கை வைத்திருந்தாள். இது யாருடைய தோள் என்று தெரிந்து வைத்த கை. டாக்டர் வருவார், அது அப்புறம். டாக்டர் வருகிற அன்றைக்கு உண்மையை அவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும், என்னைத் திட்டட்டும், ஜெயிலில் வேண்டுமானாலும் போடட்டும். அதுவரைக்கும்.

"தெரியலம்மா" என்றார்.

சொல்வதற்கு இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. சொன்ன பிறகு உள்ளே ஏதோ ஒன்று, எப்போதும் இறுக்கிப் பிடித்திருந்தது, கையை விட்டது. பயமாக இருந்தது, கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. மேடம் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பராமரிக்கப்படுபவரின் பெயர், சவரியப்பன். பராமரிப்பவரின் பெயர் கேட்டார். லூர்து ஒரு கணம்கூடத் தயங்காமல் முழுப்பெயரும் இனிஷியலுமாகச் சொன்னாள்.

"ரொம்ப நல்லாப் பாத்துக்குறீங்கம்மா. இந்த வயசுல கஷ்டம்தான்."

"என்ன மேடம் செய்யிறது. நம்ம மனுசன்."

"ஒரு போட்டோ எடுக்கணும். ஐயா பக்கத்துல உக்காருங்க."

லூர்து தரையில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். தேங்காயெண்ணெய் வாசம். மேடம் போனை உயர்த்தி, "ஐயா, இங்க பாருங்க" என்றார். "இருங்க மேடம்" என்றாள் லூர்து, "வாயெல்லாம் ஒழுகுது பாருங்க", என்று முந்தானையை எடுத்து அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். வாய் காய்ந்துதான் இருந்தது. சவரியப்பன் முகத்தைக் கொடுத்தார்.